லெ பென் கட்சி வந்தால் எந்தக் காகிதம் மாறும்?

ஜூன் 11, 2024

அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியே போடுகிறேன்: "அண்ணே, ஐரோப்பியத் தேர்தலில் பிரான்சின் தீவிர வலதுசாரி லெ பென் கட்சி 31 சதவீதம் வாங்கிவிட்டது, ஜனாதிபதி மக்ரோன் பாராளுமன்றத்தையே கலைத்துவிட்டார். இவர்கள் வந்தால் வெளிநாட்டுக்காரர்களைத் துரத்துவார்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வது அரபிகளைத்தானே, நம் புதுச்சேரிக்காரர்களுக்கு என்ன பயம்? நாம் ஒப்பந்தத்தில் வந்தவர்கள்."

அரபிகள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த "நாம்". நான் மஞ்சக்குப்பத்துக்காரன், இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரி போய், பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்கிற சான்றிதழ்களைப் பிரெஞ்சில் ஆக்கிக் கொடுத்துப் பிழைப்பவன். என் மேஜைக்கு வருகிற "நாம்" ஒரே ஆள் இல்லை. 1962இல் பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட சொல்தா (பிரெஞ்சுப் படையாள்) வீட்டுக்காரர் ஒருவர். அவர் பேத்தியைக் கட்டிக்கொண்டு பாரிஸ் போக வேலையை விட்ட திண்டிவனத்துப் பையன் இன்னொருவர். படிக்கப் போகிறவர்கள். விசா முடிந்தும் பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் ஏதோ சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற ஒருவரின் அம்மா. கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து எப்படியோ போய்ச் சேர்ந்து, அசூல் அடித்துவிட்டு, அதாவது அகதித் தஞ்சம் கேட்டுவிட்டு, காத்திருக்கிறவரின் தம்பி. இந்த ஐந்து பேருக்கும் அந்தக் கட்சி ஐந்து விதமான கட்சி. பிரான்சும் இந்தியாவும் புதுச்சேரிக்காகப் போட்ட ஒப்பந்தத்தில் வந்தவர் முதல் ஆள் மட்டும்தான்.

ஜூன் 12

31 இல்லை, 31.37 என்று ஒருவர் திருத்துகிறார். சரி.

ஜூன் 14

அவர்கள் என்ன செய்வார்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மேடைப் பேச்சை விட்டுவிட்டு, எழுதி வைத்திருப்பதைப் பார்ப்போம். 1972இல் தொடங்கிய கட்சி, 2018இல் பெயரை ரசாம்பிளமான் நசியோனால் என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் குடியேற்றம் பற்றிய சரக்கு பெரும்பாலும் பழையதுதான்: அங்கே பிறந்த வெளிநாட்டுக்காரரின் பிள்ளைக்குக் குடியுரிமை தரும் மண் உரிமையை எடுப்பது, வெளிநாட்டுக்காரர் குடும்பத்தை வரவழைக்கும் வழியை அடைப்பது, காகிதம் இல்லாதவர்களுக்கான மருத்துவ உதவியை அவசர சிகிச்சை அளவுக்குச் சுருக்குவது, வேலையிலும் வீட்டிலும் சலுகையிலும் பிரெஞ்சுக்காரருக்கு முன்னுரிமை, அகதி மனுவைப் பிரான்சுக்குள் வாங்காமல் வெளிநாட்டில் இருக்கும் தூதரகங்களில் மட்டும் வாங்குவது. இதையெல்லாம் ஒரு மக்கள் வாக்கெடுப்பு வைத்து, அரசியல் சட்டத்தையே திருத்திச் செய்வோம் என்கிறார்கள்.

தூதரகத்தில் அசூல் என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். 2008இல் வவுனியாவிலிருந்து ஒருவர் கொழும்புக்குப் போய், வழியில் இருக்கிற அத்தனை சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி, தூதரக வாசலில் காவலாளியிடம் பெயர் சொல்லி, "என் அரசாங்கத்திடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்" என்று வரிசையில் நின்றிருக்க வேண்டும். யாரிடமிருந்து ஓடுகிறாரோ அவர்கள் கண் முன்னாலேயே நிற்கிற வரிசை அது.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். வாக்கெடுப்பு வைக்கிற அதிகாரம் ஜனாதிபதிக்கு. அந்த நாற்காலியில் 2027 வரை மக்ரோன். கட்சித் தலைவர் பார்தெல்லா நாளைக்குப் பிரதமரே ஆனாலும் அது அவர் கையில் இல்லை. பிறகு என்ன இருக்கிறது? பிரெஃபெக்துர்களுக்கு (வெளிநாட்டுக்காரருக்குக் கார்டு தருகிற மாவட்ட அரசு அலுவலகங்கள்) அனுப்புகிற சுற்றறிக்கை, அரசாணை, பட்ஜெட்டில் எந்தக் கவுன்ட்டருக்கு எத்தனை ஆள் என்கிற கணக்கு. சின்னதாகத் தெரிகிறதா? சட்டம் மாறியதால் வாழ்க்கை மாறியவர்களைவிட, ரான்தெவூ (முன்பதிவு நேரம்) கிடைக்காமல் வாழ்க்கை மாறியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். லாஸ்பேட்டைப் பையன் ஒருவன், அங்கே தங்குவதற்கான கார்டு புதுப்பிக்க இணையத்தில் ரான்தெவூவுக்காக ராத்திரி பன்னிரண்டு மணிக்கெல்லாம் அலாரம் வைத்து எழுந்து தேடியிருக்கிறான். தேதி கிடைப்பதற்குள் பழைய கார்டு காலாவதி. காலாவதியான கார்டை வைத்து எந்த முதலாளி வேலையில் வைத்திருப்பார்? அப்போது ஆண்டது லெ பென் கட்சி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தை வரவழைக்கிற வழியை அடைத்தால் திண்டிவனத்துப் பையன் கதி அதோகதிதான்.

ஜூன் 15

மேலே கடைசி வரி தப்பு. வேலையை நானே செய்துகொண்டு நானே தப்பாக எழுதுகிறேன், வெட்கம். குடும்ப இணைப்பு என்பது கார்டில் இருக்கிற வெளிநாட்டுக்காரர் 18 மாதம் அங்கே சட்டப்படி இருந்த பிறகு மனைவி மக்களைக் கூப்பிடுவது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டியவர் வேறு வரிசை, பிரெஞ்சுக்காரரின் துணை. அந்தப் பையனுக்கு வேறு பரீட்சை: கல்யாணத்துக்கு முன்பே கான்சுலேட்டில் தடையில்லை என்று சான்றிதழ், தேவைப்பட்டால் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேள்வி, பிறகு கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றுவது. நேஷனாலிட்டி கேட்கக் கல்யாணம் ஆகி 4 வருஷம், பிரான்சில் தொடர்ந்து வாழாவிட்டால் 5. ஒரு காலத்தில் புதுச்சேரியில் "நேஷனாலிட்டிப் பொண்ணு" என்றாலே மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்க மாட்டார்கள். இப்போதும் கேட்பதில்லை என்றுதான் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை.

ஜூன் 18

மண் உரிமை பற்றிக் கடலூர் முதுநகர்த் தம்பி ஒருவர் கொதித்திருக்கிறார், "பிறந்த மண்ணில் உரிமை இல்லையா, என்ன பாசிசம் இது" என்று. தம்பி, இரண்டு விஷயம்.

பிரான்சில் இப்போதே, பிறந்தவுடன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளை, 11 வயதுக்குப் பிறகு மொத்தம் 5 வருஷம் அங்கே வாழ்ந்திருந்தால் 18 வயதில் தானாகப் பிரெஞ்சுக்காரர் ஆகும். அமெரிக்காவில் நடப்பதுபோல ஆஸ்பத்திரியிலேயே கையில் கொடுத்துவிடுவதில்லை.

இரண்டாவது, நம் வீட்டைப் பார்ப்போம். இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இன்னும் இறுக்கம், ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. முதல் திருத்தம் ராஜீவ் காலம், இரண்டாவது வாஜ்பாய் காலத்தில் நிறைவேறி மன்மோகன் காலத்தில் அமலுக்கு வந்தது. லெ பென் அம்மையார் கனவு காண்பதில் முக்கால்வாசியை நாம் எப்போதோ செய்து முடித்துவிட்டோம், யாரும் தெருவுக்கு வரவில்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, இந்த ஏப்ரலில் ஓட்டே போட்டார். கீழ்ப்புத்துப்பட்டில் 1991இல் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. இரண்டு பேர் பேசுகிற தமிழும் ஒன்று, சாப்பிடுகிற ரேஷன் அரிசியும் ஒன்று.

ஜூன் 18, இரவு

"பாசிசம் இல்லை என்கிறீர்களா" என்று தம்பி திரும்பக் கேட்கிறார். அப்படி நான் சொல்லவில்லை. யார் செய்தாலும் அதன் பெயர் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன்.

ஜூன் 26

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை முக்கியமான அரசுப் பதவிகளில் வைக்க மாட்டோம் என்று பார்தெல்லா ஆட்கள் சொன்னதும் புதுச்சேரியில் பல வீடுகளில் டீ ஆறிவிட்டது. எனக்கு மட்டும் ஒரே நாளில் பதினோரு போன். எல்லோருக்கும் ஒரே பதில்: இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதே இல்லை. உங்களிடம் இருப்பது பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. கார்டும். ஓ.சி.ஐ. என்பது ஆயுள் முழுக்க விசா, குடியுரிமை இல்லை. ஆக அவர்கள் கணக்கில் நீங்கள் ஒற்றை நாட்டு ஆள். அதிலும் அவர்கள் சொன்னது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சில பதவிகள், நம்மவர் யாரும் அணுகுண்டுப் பொத்தானுக்கு விண்ணப்பித்த மாதிரித் தெரியவில்லை. முன்பு 2017இல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளுடன் இரட்டைக் குடியுரிமையே கூடாது என்றார்கள், 2022இல் கைவிட்டார்கள்.

பயம் ஏன் வந்தது என்றுதான் யோசிக்கிறேன். சட்டப்படி ஒரு மயிரும் ஆகாது என்று தெரிந்த ஆட்கள்தான் போன் செய்தார்கள். "நாமும் பிரெஞ்சுக்காரர்தானே" என்பதை வாய்விட்டுக் கேட்க யாராவது வேண்டும் போலிருக்கிறது.

ஜூலை 2

பாராளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் அந்தக் கட்சிதான் முன்னால். நம் பிரெஞ்சுக்காரர்கள் ஓட்டுப் போடுவது வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரருக்கான 11ஆம் தொகுதியில். மாஸ்கோவிலிருந்து சிட்னி வரை ஒரே தொகுதி, நடுவில் முத்தியால்பேட்டை. என் மனைவியின் பெரியப்பா இணையத்தில் ஓட்டுப் போட்டார், பாஸ்வேர்டு அடிக்க நான்தான் உதவினேன், அதோடு திரும்பி நின்றுகொண்டேன். பிறகு அவரே சொன்னார், லெ பென் கட்சிக்குத்தான் போட்டாராம். "வந்தேறிங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க மாப்பிள்ளை. நாங்க போனப்போ எப்படி இருந்துச்சு பாரிஸ்." எண்பத்தாறு வயது. அல்ஜீரியா போரில் இருந்தவர். அவரிடம் என்ன சொல்வது?

அவர் கதையை முழுசாகச் சொல்கிறேன், இந்த விவாதத்துக்கு வேண்டும். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது, 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்து, ஆனால் பிரெஞ்சுப் பாராளுமன்றம் இழுத்தடித்து அது அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. இங்கே பிறந்து இங்கே வாழ்ந்தவர்கள் அன்றைக்குத் தானாக இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் சுமார் 5,000 பேர். பெரியப்பா கொடுத்தார். அவர் தம்பி, அதாவது என் மாமனார், அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இருந்து தேதியை விட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். ஒருவர் பிள்ளைகள் பாரிஸ் பக்கத்துச் சார்செல்லில், இன்னொருவர் பிள்ளைகளில் ஒருத்தி மஞ்சக்குப்பத்தில் எனக்குச் சோறு போடுகிறாள். பெரியப்பா இதை "நாங்க விசுவாசமா இருந்தோம்" என்பார். மாமனார் "நமக்கு நாடு வந்துச்சு" என்பார். மாமியாரிடம் கேட்டால் "சோம்பேறித்தனம்" என்பார்.

இதற்குள் இன்னொரு வேடிக்கை. ஒப்பந்தம் பேசுவது பிரெஞ்சுப் பகுதிக்குள் பிறந்தவர்களைப் பற்றித்தான். வெளியே பிறந்த பிரெஞ்சுக்காரர் எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார் என்று பிறகு அங்குள்ள கோர்ட்டுகள் சொல்லின. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அம்மா கடலூர்க்காரி என்றால் பிள்ளை பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில். பாட்டி கையால் பத்தியக் குழம்பு சாப்பிட வந்த இடத்தில் பேரன்களுக்குப் பாரிஸ் வழி திறந்திருக்கிறது. கடலூர் நகராட்சிப் பிறப்புப் பதிவேட்டின் பழைய பக்கங்களை நகல் எடுத்துத் தரச் சொல்லி எத்தனை பேர் அலைந்தார்கள் தெரியுமா?

அதுவும் இப்போது அடைபட்ட வழிதான். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு பிரிவு. முன்னோர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டு, நீங்களும் உங்களுக்கு அதைக் கடத்தியிருக்கக் கூடிய அப்பாவோ அம்மாவோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதே இல்லை என்றால், வம்சாவளியை நிரூபிக்கவே உங்களை அனுமதிக்க மாட்டார்கள். 1962 ஆகஸ்டோடு ஐம்பதைக் கூட்டினால் 2012 ஆகஸ்ட். அப்போது ஆட்சியில் இருந்தது சோசலிஸ்டுகள். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் வாக்கெடுப்பு வைக்கவில்லை, காலண்டர் திரும்பியது, அவ்வளவுதான்.

ஜூலை 3

"பெரியவரை இப்படி அம்பலப்படுத்தலாமா" என்று ஒரு அக்கா கண்டித்திருக்கிறார். அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன் அக்கா. "அறுப்பு முடியட்டும்னு உங்க மாமனார் சொல்லல, சினிமாக்குப் போயிட்டான்" என்று ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்.

ஜூலை 8

இரண்டாவது சுற்று முடிந்தது, லெ பென் கட்சி மூன்றாவது இடம். கூட்டாளிகளையும் சேர்த்து 143 இடங்கள். இடதுசாரிக் கூட்டணி முதல், மக்ரோன் ஆட்கள் இரண்டாவது, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. "அப்பாடா" என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். முதல் கேள்வி கேட்ட அரியாங்குப்பத்துத் தம்பியும்தான். நான் அப்பாடா போடவில்லை, ஏனென்றால் போன டிசம்பரை மறக்கவில்லை.

2023 டிசம்பர் 19இல் மக்ரோன் அரசு கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்துக்கு லெ பென் ஆட்கள் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள், "கொள்கை வெற்றி" என்றார் அம்மையார். ஜனவரியில் அரசியல் சட்ட மன்றம் 86 பிரிவுகளில் 35ஐ முழுசாகவோ பாதியாகவோ வெட்டியது. வெளிநாட்டு மாணவர் முன்பணம் கட்ட வேண்டும் என்பது போனது, குடும்ப இணைப்புக்குக் காத்திருக்கும் காலத்தை 24 மாதம் ஆக்குவது போனது. ஆனால் எதனால் வெட்டினார்கள் என்று பாருங்கள், பெரும்பாலானவை மசோதாவின் விஷயத்தோடு சேராதவை என்கிற நடைமுறைக் காரணம். நியாயமில்லை என்று சொல்லி வெட்டியது கொஞ்சம்தான். மற்றதைத் தனி மசோதாவாகத் திரும்பக் கொண்டுவரலாம்.

தப்பித்து நின்ற பிரிவுகளில்தான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். அசூல் மேல்முறையீட்டை மொந்த்ரேய் நீதிமன்றத்தில் மூன்று பேர் கேட்பதுதான் வழக்கம், இனி பொதுவாக ஒரே நீதிபதி கேட்கலாம். நீண்டகாலக் கார்டுகளுக்கு மொழித் தேர்வின் படி ஏறுகிறது, நேஷனாலிட்டிக்கு பி2 என்கிற நிலை வரை. அரபி என்றோ தமிழர் என்றோ எந்தப் பிரிவிலும் எழுதியிருக்காது தம்பி, "வெளிநாட்டவர்" என்றுதான் இருக்கும். முதல் நாள் கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில். அந்த வரிசையில் உங்கள் தங்கை மகனுக்கு முன்னால் நிற்பவர் அல்ஜீரியர், பின்னால் நிற்பவர் மாலிக்காரர், கவுன்ட்டர் ஒன்றுதான்.

ஜூலை 14

நேற்று ராத்திரி பிரெஞ்சுத் தேசிய நாளுக்கான விளக்கு ஊர்வலம். பழைய சொல்தாக்கள் மெடல் மாட்டிக்கொண்டு நடந்தார்கள், பெரியப்பா சக்கர நாற்காலியில். பிரெஞ்சுத் தேசிய கீதம் மார்செய்யேஸ் பாடினார், பிறகு நேரு வீதியில் குல்ஃபி கேட்டார்.

அக்டோபர் 20

நடுவில் வேலை அதிகம், எழுதவில்லை. இத்தாலி பற்றி ஒருவர் கேட்டிருந்தார், இப்போது நேரம் பொருந்தி வந்திருக்கிறது. மெலோனி 2022இல் வரும்போது கடலில் கடற்படையை நிற்க வைத்து வழியை அடைப்பேன் என்றார். 2023இல் படகில் வந்தவர்கள் 1,57,000க்கு மேல். அதே வருஷம் அவர் அரசே மூன்று வருஷத்துக்கு 4,52,000 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இடம் ஒதுக்கியது, வயலுக்கும் ஓட்டலுக்கும் ஆள் வேண்டுமே. அகதி மனுக்காரர்களை அல்பேனியாவில் வைத்து விசாரிப்போம் என்று மையம் கட்டினார்கள், இந்த வாரம் முதல் கப்பலில் கொண்டுபோனவர்களை ரோம் நீதிமன்றம் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டது. இங்கிலாந்து ருவாண்டா என்று இரண்டு வருஷம் பேசி, ஆட்சி மாறியதும் ஸ்டார்மர் தூக்கிப் போட்டார்.

இதை வைத்து "பார்த்தீர்களா, இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று முடிவு கட்டாதீர்கள். புதுச்சேரி, கடலூர் எல்லையில் இருக்கிற முள்ளோடை செக்போஸ்ட் நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே பையைத் திறந்து பார்க்கிறார்கள், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கடலூரில் புதுச்சேரிச் சரக்கு கிடைக்கிறது. ஆனால் சோதனையால் ஒன்றுமே மாறவில்லை என்று சொல்ல முடியாது. விலை மாறுகிறது, கொண்டுவருகிற ஆள் மாறுகிறான், பிடிபடுகிறவன் எப்போதும் பஸ்ஸில் வருகிற கூலிக்காரன், காரில் வருகிறவன் பிடிபட்டு நான் பார்த்ததில்லை. ஆள் கடத்துகிற ஏஜெண்டுகளும் அப்படித்தான் விலை ஏற்றுகிறார்கள்.

அக்டோபர் 21

உதாரணம் சரியில்லை, மனிதரைப் பாட்டிலோடு ஒப்பிடுகிறீர்கள் என்று சொன்னவருக்கு: ஒப்புக்கொள்கிறேன். பாட்டிலுக்காவது எம்.ஆர்.பி. உண்டு.

டிசம்பர் 9

ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அது வடிவதற்குள் சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாறு எங்கள் பக்கம் வந்துவிட்டது. வீட்டில் முழங்கால் தண்ணீர். வாடிக்கையாளர்களின் அசல் சான்றிதழ்கள் இரண்டு அட்டைப்பெட்டி, கட்டிலுக்கு மேலே வைத்தும் ஒன்று நனைந்துவிட்டது. மூன்று நாளாக வீடு முழுக்கக் கொடி கட்டி, துணி கிளிப் மாட்டிப் பிறப்புச் சான்றிதழ் உலர்த்துகிறேன். 1950களின் மை பரவாயில்லை, நின்றுவிட்டது. இப்போதைய பிரிண்டர் மைதான் ஊதா ஊதாவாகக் கரைந்துபோனது. இந்த நிலைமையில் யாரும் அரசியல் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 3, 2025

இப்போது கேட்கலாம். ரெத்தயோ உள்துறை அமைச்சர், லெ பென் கட்சிக்காரர் இல்லை, பழைய வலதுசாரிக் கட்சி. ஜனவரி 23இல் பிரெஃபெக்துர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார்: காகிதம் இல்லாமல் அங்கே வாழ்கிறவர் சிறப்பு அனுமதி கேட்டால், 7 வருஷமாவது இருந்திருப்பது ஒரு அடையாளமாகப் பார்க்கப்பட வேண்டும். முன்பு பொதுவாக 5. வெங்காயம் உரிக்கிறவர் போய் நவம்பரில் 5 வருஷம் முடிந்தது. அவர் அம்மா இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனார். போன வாரம் நான்தான் போன் செய்து சொன்னேன். "ஏழா?" என்று ஒரு முறை கேட்டார், வைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்துப் பிரதமர் பய்ரூ, மக்கள் தாங்கள் "மூழ்கடிக்கப்படுவதாக" உணர்கிறார்கள் என்று பேசினார். அந்தச் சொல் லெ பென் வீட்டுச் சொல். மையவாதி வாயில் வந்திருக்கிறது.

ஜூன் 14இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். சுற்றறிக்கை என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன், கட்சியைத்தான் தப்பாகப் போட்டேன். அந்தக் கட்சி வந்தால் என்ன செய்யும் என்று நாம் எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டோம். அது வராமலேயே, அதற்குப் போகிற ஓட்டைப் பிடிக்க மற்றவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். நாளைக்கு அது வந்தால் செய்யப் போவது ஏற்கெனவே இருக்கிற எண்களை ஏற்றுவது, 5ஐ 7 ஆக்கியதை 10 ஆக்குவது. அப்படித்தான் நினைக்கிறேன். அரசியல் சட்டத்தைத் திருத்துகிற பெரிய திட்டம் நடந்தாலும் நடக்கலாம், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் என் மேஜைக்கு அது கடைசியாகத்தான் வந்து சேரும்.

ஏப்ரல் 1

லெ பென் அம்மையாருக்கு ஐந்து வருஷம் தேர்தலில் நிற்கத் தடை, உடனே அமல், அப்பீல் போகிறார். "முட்டாள்கள் தினச் செய்தியா" என்று கேட்டவருக்கு: நேற்றே தீர்ப்பு. பெரியப்பா சாப்பிடவில்லை.

மே 21

"இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை" என்று உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் சொன்னதைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். பிரான்சை விட்டு விலகுகிறது என்று நினைக்க வேண்டாம், இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற விஷயம்தான்.

2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், இலங்கை இல்லை. மாநிலங்களவையில் அ.தி.மு.க. ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டு, ஈழத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்றது, இந்தியச் சட்டத்திலேயே இல்லாத சாமானைக் கேட்பதில் ஒரு வசதி உண்டு, கிடைக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். தி.மு.க. 2021இல் வந்து இலங்கைத் தமிழர் முகாமுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது, 7,469 வீடு கட்டுவதாக அறிவித்தது, அந்தத் திருத்தத்தை எதிர்த்துச் சட்டசபையில் தீர்மானம் போட்டது. வீடு நல்ல விஷயம், கிண்டல் பண்ணவில்லை, ஓட்டுக் கூரையில் முப்பது வருஷம் இருந்தவருக்கு அது தெரியும். ஆனால் குடியுரிமை டெல்லி கையில். புதுச்சேரி சட்டசபையும் அதேபோல 2020இல் தீர்மானம் போட்டது. தீர்மானங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் சொல்லி இதுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை.

கீழ்ப்புத்துப்பட்டு ஆள் பாரிஸில் அசூல் அடித்தால் என்ன ஆகும் தெரியுமா? உன் நாடு இலங்கை, அங்கே உனக்கு என்ன ஆபத்து என்பதுதான் கேள்வி. அவன் இங்கே பிறந்தவன், இலங்கையை அவன் பார்த்ததே தனுஷ்கோடியில் நின்று அந்தப் பக்கம் கை காட்டிய அப்பாவின் விரலில்தான். முகாமில் பட்டதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவருகிறான், ஒரு வரியும் கணக்கில் வராது. அது இந்தியாவில் நடந்தது.

செப்டம்பர் 8

புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் டெல்லி ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியா வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். குடியுரிமை பற்றி ஒன்றும் இல்லை. நல்ல செய்தியா என்றால் நல்ல செய்திதான், இத்தனை வருஷம் அது கூட இல்லை.

அசூல் அடித்தவரின் தம்பி அந்த உத்தரவின் நகலோடு நேற்று வந்தான். அண்ணனுடைய அவொக்கா (வக்கீல்) கேட்கிறாராம், இந்தியா இவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தரவில்லை என்று காட்ட. பிரெஞ்சில் வேண்டும், வியாழக்கிழமைக்குள்.

ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். இங்கிலீஷில் "ஷெல்ட்டர்" என்று போட்டிருக்கிறார்கள், அகதி என்கிற சொல்லை டெல்லி எழுதாது. பிரெஞ்சில் "ரெஃப்யூழ்" என்று போட்டால் படிக்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அகதிப் பாதுகாப்பு கொடுத்த மாதிரிக் காதில் விழும், அங்கே எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். "அப்ரி" என்று போட்டால் மழைக்கு ஒதுங்கிய கூரை. தமிழில் "தஞ்சம்" என்று ஒரே சொல்லில் இரண்டும் இருக்கிறது, அது இங்கே உதவாது.

"எது போட்டா அண்ணனுக்கு நல்லது?" என்றான். நல்லது கெட்டது பார்த்து நான் மொழிபெயர்க்கக் கூடாது தம்பி என்றேன். பிறகு இருபது நிமிஷம் அகராதியைப் புரட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, அப்ரி என்று போட்டேன். காசு வாங்கவில்லை. டீக்கு அவன்தான் கொடுத்தான்.